‘ஆல்தோ’ இருக்கும்போது ‘பட்’ எதற்கு?

வானொலியில் இரண்டு பாடல்களுக்கு நடுவே நாங்கள் பேசுவதற்கு ‘லிங்க்’ என்று பெயர். முடிந்த பாட்டையும் தொடாமல், வரப்போகும் பாட்டுக்கும் வராமல் பேசிக்கொண்டே இருந்தால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். ஆனாலும் படித்து முடித்தவர், “சரி, இப்ப என்ன சொல்ல வர்றீங்க?” என்று கேட்பார்.

பெரும்பாலும் குறை இருப்பது பெரிய சொற்களில் அல்ல. வாக்கியங்களைக் கோக்கும் சின்னச் சொற்களில்தான். பட், ஸோ, பிகாஸ், ஆல்தோ, ஹவெவர், தெர்ஃபோர்.

தமிழில் இந்த வேலையைப் பல நேரங்களில் வினைச்சொல்லின் வால் செய்துவிடுகிறது. ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது.’ ‘மழை பெய்தும் ஆட்டம் நடந்தது.’ காரணமா, தடையா என்பதை ‘ஆல்’, ‘உம்’ என்ற இரண்டு சின்ன ஒட்டுகள் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த வால் தலைக்குப் போய்விடுகிறது. பிகாஸ், ஆல்தோ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு, வாக்கியத்தின் பாதியை எட்டும்போது நமக்கு அது மறந்துபோகிறது. உடனே ஒரு ‘பட்’ சேர்க்கிறோம்: “ஆல்தோ இட் ரெயின்ட், பட் த மேட்ச் வென்ட் ஆன்.”

மாண்டரின் பேசும் நண்பர்களும் இங்கேதான் தடுக்குவார்கள். அவர்கள் மொழியில் முன்னால் ‘சுய்ரான்’, பின்னால் ‘தான்ஷி’ என்று இரண்டும் ஜோடியாக வருவது இயல்பு. இப்படிப் பல மொழிக்காரர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் சிங்கப்பூர் அலுவலகத்தில் ‘ஆல்தோ... பட்’ காதுக்குப் பழகிப்போய், சரி என்றே தோன்றிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இரண்டில் ஒன்று போதும். ‘பிகாஸ்’ போட்டால் ‘ஸோ’ வேண்டாம் என்பதும் இதே கணக்குதான்.

பிஎஸ்எல்இ எழுதப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் ‘சிந்தசிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ பகுதி உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும். பொருள் மாறாமல் வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி. அதற்கு மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். ‘ஆல்தோ’வுக்குப் பின்னால் எழுவாயும் வினையும் வரவேண்டும்: “ஆல்தோ இட் வாஸ் ரெயினிங்.” ‘டிஸ்பைட்’டுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ என்று முடியும் சொல்லோ வரவேண்டும்: “டிஸ்பைட் த ரெயின்.” ‘டிஸ்பைட் ஆஃப்’ என்று ஒன்று கிடையாது, அந்த ‘ஆஃப்’ ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்குச் சொந்தம். மூன்றாவது, ‘ஹவெவர்’. பொருளில் ‘பட்’டின் அண்ணன் மாதிரி இருந்தாலும் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசை அதனிடம் இல்லை. அதற்கு முன்னால் வெறும் காற்புள்ளி போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் வேறொரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து பத்திக்கு ஒன்றாகத் தூவுவது. மூன்றுமே ‘மேலும்’ என்றுதான் சொல்கின்றன. புதிதாக ஒன்று சேர்ந்தால்தானே அது மேலும்? ‘தெர்ஃபோர்’ இன்னும் கண்டிப்பானது. “சாலையில் வாகனங்கள் பெருகிவிட்டன. ஆகவே பிள்ளைகள் உடற்பயிற்சி செய்ய வேண்டும்” என்று ஒருவர் எழுதினால் நடுவில் ஒரு படியே காணோம். போக்குவரத்துக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே விளையாட விடுவதில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் அந்த ‘ஆகவே’ நிற்கும். இணைப்புச் சொல் இருக்கும் தொடர்பைக் காட்டும்; இல்லாத தொடர்பை உண்டாக்காது.

கட்டுரையில் இது மதிப்பெண்ணோடு போய்விடும். அலுவலகத்தில் ஒருவரின் பெயரே இதில் அடிபடலாம். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி மேலாளருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம்: “சின்ஸ் ஷி ஜாய்ன்ட் அஸ், த ரிப்போர்ட்ஸ் ஹேவ் பீன் லேட்.” ‘சின்ஸ்’ என்றால் ‘வந்ததிலிருந்து’ என்றும் கொள்ளலாம், ‘வந்ததனால்’ என்றும் கொள்ளலாம். எழுதியவர் காலத்தைத்தான் சொன்னார். படித்தவர் காரணமாக எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் வந்த அதே மாதத்தில் வேலை இரட்டிப்பானது யாருக்கும் நினைவில் இருக்காது. அவர்தான் காரணமா என்று தெரியாதபோது, அப்படிப் படிக்க இடம் தரும் சொல்லைப் போடாமல் இருப்பதுதான் நியாயம்.

‘பட்’டும் லேசுப்பட்டதல்ல. ஆண்டிறுதி மதிப்பீட்டில், “கவனமாக வேலை செய்வார், ஆனால் வேகம் குறைவு” என்று எழுதிப் பாருங்கள். பிறகு, “வேகம் குறைவு, ஆனால் கவனமாக வேலை செய்வார்” என்று மாற்றிப் பாருங்கள். தகவல் அதேதான். முதலாமவர் பதவி உயர்வுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாமவரை நம்பி ஒரு பொறுப்பைத் தரலாம் என்று தோன்றும். ‘பட்’டுக்குப் பின்னால் வருவதுதான் மனத்தில் தங்குகிறது. மன்னிப்புக் கேட்கும் மின்னஞ்சலில் “ஐ ஆம் சாரி, பட்” என்று தொடங்கினால் அந்த ‘சாரி’ எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். வீட்டிலும் இதே விதிதான். “கணக்கில் 80 வாங்கியிருக்கே, ஆனா அறிவியல்ல 55தான்” என்றால் பிள்ளையின் காதில் 55 மட்டும்தான் விழும்.

இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். “மழை பெய்தது. நாங்கள் வெளியே போனோம்.” இந்த இரண்டையும் எத்தனை விதமாக இணைக்க முடியும்? முதலில் தமிழில் சொல்லட்டும்: பெய்ததால், பெய்தும், பெய்தபோது, பெய்த பிறகு. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடட்டும். ‘மழை பெய்ததால் வெளியே போனோம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே தப்பென்று சொல்லிவிடாதீர்கள். “ஏன் போனீங்க?” என்று கேளுங்கள். நனையத்தான் போனோம் என்று பதில் வந்தால், ‘பிகாஸ்’ அங்கே சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.