குயில் புகுந்த கூடு!

சவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். ஆரணிப் பட்டு என்று நாடு போற்றும் சேலைகளைத் தரும் நெசவு வட்டாரம். நெசவாளிக்கு வீடு வெறும் உறைவிடமன்று. தறி நிற்கும் இடம், தார் சுற்றும் இடம், பிழைப்பு நடக்கும் இடம். அந்த வீட்டுக்குள் அழையாத ஒருவன் வந்து அமர்ந்துகொண்டால்?

வருவான், தோழர்களே! கத்தியோடு வரமாட்டான், கனிவோடு வருவான். கணவன் மறைந்து, தறி ஓய்ந்து, மகன் திருப்பூர் பனியன் ஆலைக்குப் போய்விட, தனித்திருக்கும் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். "ஆயா, இந்தப் பை இங்கே இருக்கட்டும், மாலையில் எடுத்துக்கொள்கிறேன்" என்பான் முதல் நாள். மருந்து வாங்க ஐம்பது ரூபாய் தருவான். அடுத்த வாரம் சாவி கேட்பான். ஒரு திங்கள் கழிந்தால் பின்கட்டில் கஞ்சாப் பொட்டலம், திண்ணையில் அவன் கூட்டாளிகள், அடுப்படி மூலையில் வீட்டுக்கு உரியவள்! அவள் வாய் திறந்தால், "சரக்கு உன் வீட்டில்தானே இருக்கிறது? உள்ளே போகிறவள் நீதான்" என்பான்.

அவன் கூற்றில் பொய்யில்லை என்பதே நம் நெஞ்சைச் சுடுகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். இக்குற்றத்துக்குத் தன் இடத்தை அறிந்தே விடுபவருக்கும் குற்றவாளிக்குரிய அதே தண்டனை என்கிறது 25ஆம் பிரிவு. 'அறிந்தே' என்ற சொல் அவளைக் காக்காதோ என்பீர். காக்காது! குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். இல்லையென்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே என்கிறது 35ஆம் பிரிவு. அஞ்சி அடங்கினேன் என்று சொல்லலாமா? அந்நொடியே உயிர் போகும் என்ற அச்சத்துக்குத்தான் 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 32ஆம் பிரிவில் இடந்தருகிறது. நாள்தோறும் சிறுகச் சிறுகத் தின்னும் அச்சத்துக்கு அங்கே பெயரே இல்லை. எழுத்தறியாத கிழவி, ஐயத்துக்கு இடமின்றி எதை நிறுவுவாள்? எந்த வழக்கறிஞரை வைத்து நிறுவுவாள்?

இங்கிலாந்தில் இக்கொடுமைக்கு அயலார் கூட்டில் முட்டையிடும் குயிலினப் பறவையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். காக்கைக் கூட்டில் முட்டையிடும் நம் ஊர்க் குயிலுக்கு அது உறவு. (நம் புலவர்கள் குயிலின் குரலை மட்டுமே பாடினார்கள், காக்கையின் கதையைக் கேட்டவர் யார்?) பிறர் வீட்டை இவ்வாறு கைப்பற்றுவதைத் தனிக் குற்றமாக்கும் மசோதா 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. அங்கே புகுந்தவன் குற்றவாளி, வீட்டுக்குரியவர் பாதிக்கப்பட்டவர். இங்கோ இருவரும் ஒரே குற்றப்பத்திரிகையில்!

சட்டம் கிடக்கட்டும், காவலர் பார்த்துக்கொள்வார் என்று அமைதி கொள்வோர் கள்ளக்குறிச்சியை நினைக்க வேண்டும். அதுவும் ஒரு மலைக்கு அருகிலுள்ள ஊர்தான், கல்வராயன் மலை. 2024 சூனில் அங்கே கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நடுக்காட்டிலா விற்றார்கள்? குடியிருப்பின் நடுவே, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்க விற்றார்கள்! அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கும் அளவுக்கு நம்பிக்கை தேய்ந்தது. இத்தனை அருகில் நடந்த வாணிபமே சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லையென்றால், நெசவூர்ச் சந்தில் ஆயாவின் பின்கட்டு எப்போது படும்?

2021 திசம்பரில் 'கஞ்சா வேட்டை' தொடங்கினார்கள். வேட்டைக்காரனுக்குக் கணக்கு முக்கியம்: இத்தனை கிலோ, இத்தனை பேர். அகப்பட்டவர்களில் சரக்குக்குரியவன் யார், சாவியைப் பறிகொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அக்கணக்குக்கு இல்லை.

அப்படியாயின் தெருவே காவல் புரியட்டும் என்போர் உளர். நாமும் அதையே விரும்புகிறோம். ஆனால் தடியேந்திய காவலை விரும்பவில்லை. 1993இல் இராமநாதபுரத்தில் நன்னோக்கத்தோடு பிறந்தது 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் மாண்ட பிறகு எழுந்த கொதிப்பில், அவ்வாண்டு சூலையில் அரசே அதைத் தடை செய்தது. அதிகாரத்தின் நிழலில் நிற்பவன், அண்டை வீட்டானாக நெடுநாள் இருப்பதில்லை.

தெரு செய்யக்கூடியது வேறு. தனித்திருப்பவள் கதவை நாளுக்கொருமுறை தட்டிக் கேட்கலாம். "அவள் தலைவிதி" என்று திண்ணையில் தத்துவம் பேசும் பெரியவர்கள், அந்த மூச்சைச் செலவிட்டு அவள் மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கலாம். அவளோடு நால்வர் காவல் நிலையம் வரை நடக்கலாம். ஒருத்தி சொன்னால் அவள் பெயர் விற்பவன் காதுக்குப் போகும், தெருவே சொன்னால் எவர் பெயர் போகும்?

காவல் துறையிடம் நாம் கேட்பது சிறிது. கைப்பற்றிய எடையை எழுதும் ஏட்டில் இன்னும் மூன்று வரி எழுதுங்கள்: அவ்வீட்டில் குடியிருந்தவர் யார், சாவி யார் கையில் இருந்தது, அவரை அச்சுறுத்தியவர் யார். அந்த மூன்று வரியும் நிரம்பாமல் எந்த ஆயாவுக்கும் விலங்கு பூட்டாதீர்!