கல்லெறிந்தவனுக்கு வகுப்பெடு

“கலைக்கு ஏதுங்க சாதி? தலித்துக்குன்னு தனியா ஒரு படவிழா எதுக்கு?”

முற்போக்குச் சட்டை போட்டவன் முதற்கொண்டு கேட்கிற கேள்வி இது. நீலம் பண்பாட்டு மையம் 2023 ஏப்ரலில் சென்னையில் பி.கே. ரோஸி திரைப்பட விழாவைத் தொடங்கியது. தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி வருஷா வருஷம் நடக்கிற விழா. படம் போடுகிறார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதைத்தான் ‘தனி’ங்கிறான். முதலில் தனியாப் பிரிச்சது யாருன்னு அந்தப் பெயரைக் கேட்டாலே தெரியும்.

ரோஸி புலையர் வீட்டுப் பெண். காக்காரிசி நாடகம் ஆடியவர். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தில் ஜே.சி. டேனியல் அவரை நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். திருவனந்தபுரம் கேப்பிடல் கொட்டகையில் அது திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்கிறார்கள், 1930 என்கிறார்கள். அதைக்கூட ஒழுங்காக எழுதிவைக்க நாதியில்லை. நடந்தது மட்டும் தெரியும். ஒரு புலைச்சி நாயர் பெண்ணாவதா என்று திரைமேல் கல் விழுந்தது. அவரையும் விரட்டினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போன லாரியில் ஏறித் தப்பிய ரோஸி, நாகர்கோவிலில் ராஜம்மாள் ஆனார். தான் நடித்ததையே வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வாழ்ந்து முடித்தார். படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுத்துவருகிறது.

தோழர்களே, கல் வந்த திசையைக் கவனியுங்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவன் கையிலிருந்து அது வந்தது. எடுத்தவனுக்கு இருந்த துணிச்சலில் பாதிகூட பார்த்தவனிடம் இல்லை.

தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று 1981இல் எழுதினார் கா. சிவத்தம்பி. பெரிய ஆய்வாளர், மதிப்பு உண்டு. ஆனால் கூரை ஒன்றானால் போதுமா? 2023 மார்ச் 30, ‘பத்து தல’ வெளியான நாள். கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு திரையரங்கின் வாசலிலேயே மறித்தார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவிய பிறகு, குழந்தைகளுக்கான தணிக்கைச் சான்றிதழ் விதி என்று காரணம் சொன்னார்கள். அத்தனை வருஷமா அந்த விதி எந்த மூலையில தூங்கிட்டிருந்துச்சு? ரோஸி பேரில் விழா தொடங்கியது இதற்கு அடுத்த மாதம்.

இப்போது கல்விக்கு வருவோம். படவிழா என்றாலே கூடவே ‘ரசனைப் பட்டறை’ ஒன்று நடக்கும். ‘பை சைக்கிள் தீவ்ஸ்’, ‘பதேர் பாஞ்சாலி’, ஷாட் என்றால் என்ன, கட் என்றால் என்ன. தெரிந்துகொள்ள வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டறைகளுக்கு அடியில் ஒரு நினைப்பு ஓடுகிறது: விசிலடிக்கிறவன் ரசனை கெட்டவன், அவனைத் தூக்கிவிட வேண்டும். யாரை யார் தூக்கிவிடுவது? பறையும் கூத்தும் ஒப்பாரியும் வைத்திருக்கிற சனம் இது. ரோஸிக்கு நடிப்பு எந்தப் பட்டறையில் வந்தது? கேப்பிடல் கொட்டகையில் கல்லெறிந்தவனுக்குத்தான் வகுப்பு தேவைப்பட்டது. அவன் பேரனுக்கும் தேவைப்படுகிறது. அவனுக்கு இன்றுவரை யாரும் வகுப்பெடுக்கவில்லை.

நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்ட்ரி’ (2013) பார்த்திருப்பீர்கள். பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பள்ளிக்கூடப் பையன் ஜப்யா. கூடப் படிக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க, கேலி பேச, பன்றியைத் துரத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் அவன் எறிகிற கல் நேரே கேமராவை நோக்கி வருகிறது, நம்ம மூஞ்சிக்கு. படம் முடிந்துவிடுகிறது. ரோஸியின் திரைமேல் விழுந்த கல் திரும்பி வந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். நீதிபதி சந்துரு குழு போட்டார்கள். 2024இல் அறிக்கையும் வந்தது. அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு படம் காட்டும் திட்டத்தையும் 2022இல் இதே அரசுத் துறைதான் தொடங்கியது. அந்தத் திரையில் ‘ஃபன்ட்ரி’ ஓடட்டுமே. ஜப்யா கல்லை எடுத்ததும் விளக்கைப் போட்டு, ‘இந்தக் கல் யாருக்குடா?’ என்று வாத்தியார் கேட்கட்டும். பள்ளிக்கூடமே அமைதியா இருக்கும். அந்த அமைதியிலிருந்துதான் பாடம் தொடங்கணும்.

விழா நடத்துகிற தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது, உரிமையோடு. குளிர் அரங்கில் மூன்று நாள் கூடுவது வேண்டும்தான். நம் பிள்ளைகளும் அங்கே நிமிர்ந்து உட்காரட்டும். ஆனால் செய்யாறு பக்கம் இரவுப் பாடசாலையில் படிக்கிற பெண்ணுக்கு அங்கே வர பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? பதினாலு வருஷம் எடுத்த ‘ஜெய் பீம் காம்ரேட்’டை ஆனந்த் பட்வர்தன் பம்பாயில் உழைக்கும் சனங்கள் குடியிருக்கிற சால்களுக்கே கொண்டுபோய்த் திரை கட்டிக் காட்டினார். நமக்கு மட்டும் சேரிக்கு வழி தெரியாதா? காட்டிவிட்டு மைக்கை நம்மிடமே வைத்துக்கொள்ளாமல் கிழவிகளிடம் கொடுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவத் தோழர்கள் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். கல்லூரி விடுதியில் ‘ஃபன்ட்ரி’ போடுங்கள். கடைசிக் காட்சியில் எவன் சிரித்தான், எவன் எழுந்து போனான், அனுமதி கேட்டபோது பிரின்சிபால் என்ன சொன்னார், எல்லாத்தையும் தேதியோடு எழுதி அனுப்புங்க.