வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போத்தல் விற்கிற ஆசிரியர்களுக்கும், வாங்குகிற பெற்றோருக்கும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை, நுவரெலியா பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். எங்கள் கோபம் முதலில் எங்கள் மேல்தான்.

போன தவணை ஒரு தாய் மலையில் இருந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். மகன் தரம் 4. எழும்பி ஓடுவான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியில் கிறுக்குவான், சொல்லி முடிக்கும் முன்னே பதில் கத்துவான், தன் வேலையைப் பாதியில் விடுவான். அந்தத் தாய் போனை நீட்டினார். அதில் ஒரு போத்தலின் படம்.

“சேர், இந்தப் பாணியக் குடுத்தா புள்ள ஒரு எடத்துல ஒக்காருவானாம். இங்கிலீஸ் மருந்து குடுத்தா மூள மழுங்கிப் போகுமாம். வாங்கட்டுமா?”

யாரம்மா சொன்னது என்று கேட்டோம். சொன்னது எங்களைப் போல ஓர் ஆசிரியர். வகுப்புக் குரூப்பில் போட்டிருக்கிறார். ஒரு போத்தலுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன்.

விலை 6,500 ரூபாய். இருபது நாளைக்கு வருமாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து நாள் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்த காசு ஒரு போத்தல். லேபிளில் கருஞ்சீரகம், தேன், வல்லாரை, ஒமேகா என்று எழுதியிருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை. பதிவு இலக்கம் இல்லை. ஆனால் ஏ.டி.எச்.டி., ஓட்டிசம், ஞாபகமறதி, படுக்கையில் சிறுநீர் நான்குக்கும் அது போதுமாம். நான்கு பூட்டுக்கும் ஒரே சாவி என்று ஒருவன் வந்தால் அவனை வீட்டுக்குள் விடுவோமா?

இந்த நாட்டுக்கு இது புதிதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக பாணிக்காக ஆயிரக்கணக்கில் சனம் கூடியதை மறந்துவிட்டோமா? தேனும் சாதிக்காயும் கலந்த பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார்கள். சுகாதார அமைச்சரே கெமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா தொற்றியது. அன்று சிரித்தவர்களில் சிலர்தான் இன்று பிள்ளைகளின் கவனத்துக்குப் பாணி விற்கிறார்கள்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து நிற்பீர்கள். அந்த ஹதீஸ் எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உம்மாமார் தேனில் குழைத்துத் தந்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும். உணவாகக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? பலசரக்குக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானை, ஹதீஸை லேபிளில் அச்சடித்து ஆயிரக்கணக்கில் விற்பதும், “இது இருக்க வைத்தியர் எதற்கு” என்று ஒரு தாயிடம் சொல்வதும்தான் பிழை. நோய்க்கு வைத்தியம் தேடச் சொன்ன மார்க்கம் இது. வியாபாரத்துக்கு மார்க்கத்தை விளம்பரப் பலகை ஆக்காதீர்கள்.

ஒமேகா 3 பற்றி ஆய்வே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறது. 2011இல் 10 ஆய்வுகளை, 699 பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது சிறிய பலன் ஒன்று தெரிந்தது. மருந்தின் பலனோடு வைத்துப் பார்த்தால் அது மிகக் குறைவு. 2023இல் கொக்ரேன் அமைப்பு 37 ஆய்வுகளை எடைபோட்டது. பெற்றோர் கண்டபடி கவனக் குறைவிலோ துடுக்கிலோ பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்பதே அதன் முடிவு. மீன் நல்ல சாப்பாடு. நெத்தலி, சாளை வாங்கிக் கொடுங்கள்.

“இயற்கை, பக்கவிளைவு இல்லை” என்கிற பேச்சுத்தான் எங்களுக்கு மிகவும் பயம். 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில், தெற்காசியாவில் செய்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. ஐந்தில் ஒன்று. ஈயம் பிள்ளையின் மூளையை என்ன செய்யும் தெரியுமா? கவனத்தையும் படிப்பையும் கெடுக்கும். எதற்கு மருந்து என்று வாங்குகிறோமோ அதையே கூட்டிவிடும். பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. பிள்ளையின் முகத்தையே பார்க்காமல் வாட்ஸ்அப்பில் பாணி விற்கிறவரை அவர்களோடு சேர்க்க வேண்டாம்.

சரி, மக்கள் ஏன் வாங்குகிறார்கள்? ஏமாளிகள் என்பதாலா? இல்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பெயர் விழாது. லயத்தில் “பைத்தியத்துக்கு மருந்து எடுக்கப் போறா” என்பார்கள். தமிழில் பேச ஆள் இருக்குமோ இல்லையோ தெரியாது. மருந்தின் மேலும் சனத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தே இல்லாமல் இருந்தோம். அடுத்த வருடம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெடித்து, சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். இதையெல்லாம் பார்த்த தாய் குளிசைக்குப் பயப்பட்டால் அவரைத் திட்ட எங்களுக்கு வாய் இல்லை.

அதோடு, அந்தத் தாயைப் போத்தல் வரை துரத்தியவர்கள் யார்? நாங்கள். கலாசாலையில் விசேட தேவையுள்ள பிள்ளைகள் பற்றிப் படித்துப் பரீட்சை எழுதி வந்தோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோச்சு. கடைசி வாங்கில் இருத்தினோம். முழங்காலில் நிறுத்தினோம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் “உங்கட புள்ளைய அடக்குங்க” என்றோம். அடக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று அந்தத் தாய் தேடியதில் என்ன அதிசயம்? இப்போது எங்களில் சிலரே அதை விற்கவும் வந்துவிட்டோம். அடித்த கையால் மருந்து விற்பது என்றால் இதுதான்.

துடிப்பான பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. பிள்ளை இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டும். அதை ஆசிரியர் தீர்மானிக்க முடியாது. காது கேளாத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, பூச்சி உள்ள பிள்ளை, உம்மாவோ அம்மாவோ குவைத்துக்குப் போன பிறகு இரவில் தூங்காத பிள்ளை, இவர்களும் வகுப்பில் அப்படித்தான் தெரிவார்கள்.

இரத்தச் சோகையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தால் பிள்ளை சோர்ந்து போகும், கவனம் நிற்காது. காலையில் ரொட்டியோடு தேத்தண்ணி, பகலில் சோற்றோடு தேத்தண்ணி என்று கொடுக்கிறோம். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாமல் தேயிலை தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள், அதற்குக் காசு செலவில்லை. பிள்ளைக்கு உண்மையிலேயே சத்து மருந்து தேவையா என்பது இரத்தப் பரிசோதனையில் தெரியும். தேவை என்றால் இரும்புக் குளிசையை ஆஸ்பத்திரியே சும்மா தரும்.

குளிசை பற்றியும் மறைக்காமல் சொல்கிறோம். அதிகம் கொடுக்கப்படும் மெத்தைல்ஃபெனிடேட் 1950களில் இருந்தே பாவனையில் உள்ள மருந்து. பசி குறையலாம், தூக்கம் கெடலாம், வயிறு வலிக்கலாம். அதனால்தான் வைத்தியர் எடையும் உயரமும் நாடித்துடிப்பும் பார்த்துப் பார்த்து அளவை மாற்றுவார். 1999இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்த ஆய்வில், இப்படி அளவு பார்த்து மருந்து கொடுத்தவர்களின் கவனமின்மையும் துடுக்கும் நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களை விட நன்றாகக் குறைந்தன. சில வருடம் போனபின் அந்த வித்தியாசம் மங்கியதும் உண்மை. ஆகவே குளிசை மட்டும் போதும் என்று நாங்களும் சொல்லவில்லை. சின்ன வயதில் முதலில் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் சொல்வார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவையும் இல்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அதை மறித்து, ஒரு வருடத்தைப் போத்தலில் கழிக்கிறோமே, அந்த வருடத்தை யார் திருப்பித் தருவது? தரம் 4 போனால் தரம் 5. புலமைப்பரிசில். பிறகு “இவனுக்குப் படிப்பு வராது” என்ற முத்திரை. பிறகு கொழும்பில் கடை வேலை.

அந்தத் தாய்க்குப் போத்தல் வாங்க வேண்டாம் என்று சொன்னோம். அதற்குப் பதிலாக ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தோம். வகுப்பில் எத்தனை நிமிடம் இருக்கிறான், எப்போது எழும்புகிறான், எதில் ஆர்வம், எதில் தடுமாற்றம் என்று. மகனை முன் வரிசைக்கு மாற்றினோம். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறோம். கொப்பி சேர்க்க, கரும்பலகை துடைக்க அவனையே எழுப்புகிறோம்.

எந்தப் பள்ளி ஆசிரியரிடமும் இப்படிக் கடிதம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. டிக்கோயா ஆதார வைத்தியசாலை அல்லது நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், எங்கே போக வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். கட்டணம் இல்லை. போக முன் கேட்க வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ஏற்கெனவே போத்தல் கொடுக்கிறீர்கள் என்றால் வெட்கப்படாமல் அதையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து எடுக்கிற பிள்ளையின் குளிசையை யார் பேச்சையும் கேட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விற்கிற ஆசிரியர்களுக்கு: உங்கள் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த தவணை தொடங்க முன் குரூப்பில் இருந்து அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள். திறக்காத போத்தலுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள். வைத்தியத் துறையில் உள்ள நண்பர்கள் இதில் பிழை கண்டால் கமெண்டில் திருத்துங்கள், பதிவையும் திருத்துகிறோம்.