குற்றமற்றவர் எனும் அனுமானம் யாருக்குக் கேடயம்?

விளையாட்டுத் துறையில் பாலியல் புகார் எழும்போதெல்லாம், பதவியிலிருப்பவருக்காக ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது: தீர்ப்பு வரும்வரை எவரும் குற்றவாளி அல்லர். கோட்பாடு சரியானது, அதைப் பொருத்தும் இடம்தான் தவறு.

அரசு ஒருவரைச் சிறையிலடைக்க முனையும்போது அவரைக் காப்பதே அந்த அனுமானம். அங்கே குற்றம் ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். பணியிட விசாரணையிலோ, சம்பவம் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் எனச் சான்றுகள் காட்டினால் போதும். விசாரணை முடியும்வரை ஒருவரைப் பொறுப்பிலிருந்து விலக்கிவைப்பது தண்டனை ஆகாது. சாட்சியம் சொல்வோரை அச்சத்திலிருந்து காக்கும் ஏற்பாடு அது.

2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் தில்லி ஜந்தர் மந்தரில் போராட அமர்ந்தனர். கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் குற்றச்சாட்டுகளை மறுத்தார். மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டதும் தற்காலிகமாக ஒதுங்கினார். ஏப்ரலில் வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தை நாடிய பின்னரே முதல் தகவல் அறிக்கை பதிவானது. டிசம்பரில் அவருக்கு நெருக்கமான சஞ்சய் சிங் தலைவராகத் தேர்வானார்; அன்றே சாக்ஷி மாலிக் மல்யுத்தத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுகளை வனைந்தது. போக்சோ வழக்கை முடித்துவைக்கக் கோரிய காவல்துறை அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றது. வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். ஆனால், பணியிட நீதி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, விளையாட்டரங்கையும் போட்டிக் களத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. உள்ளகப் புகார்க் குழு 90 நாட்களில் விசாரணையை முடிக்க வேண்டும். ஆயினும் 30 தேசியக் கூட்டமைப்புகளில் 16 அத்தகைய குழுவையே அமைக்கவில்லை என்ற நாளிதழ் ஆய்வை, 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது.

இதன் மறுபக்கத்தை உழைக்கும் தலித் மக்கள் அறிவர். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் மீது திருட்டுப் பழி விழுந்தால், விசாரணையின்றியே வேலை பறிபோகிறது. அரசு ஊழியருக்கு அரசமைப்பின் 311ஆம் உறுப்பு அளிக்கும் பாதுகாப்பு அவருக்கு இல்லை. அவருக்காக யாரும் குற்றமற்றவர் எனும் அனுமானத்தைப் பேசுவதுமில்லை.

ஆகவே நமது கோரிக்கை, புகார் வந்தவுடன் பணிநீக்கம் என்பதாக இருக்க முடியாது. எழுத்துமூலக் குற்றச்சாட்டு, பதிலளிக்கும் வாய்ப்பு, இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம், விசாரணைக்குக் காலவரம்பு ஆகிய நான்கும் கூட்டமைப்பின் தலைவருக்கும் மைதானத்தைக் கூட்டுபவருக்கும் ஒன்றாகவே கிடைக்க வேண்டும். மாணவர்கள் இன்றே தொடங்கலாம்: குழு அமைக்கப்பட்ட ஆணையைப் பணியிடத்தில் காட்சிப்படுத்தச் சட்டம் கட்டளையிடுகிறது. உங்கள் கல்லூரி விளையாட்டுத் திடலில் அது ஒட்டப்பட்டிருக்கிறதா?