பேசாத படம் போடுங்க டீச்சர்!

சித்தப்பா லேப்டாப்பில் ஒரு ஜப்பான் படம் பார்த்தேன். 1932-ல் ஓசு எடுத்த 'நான் பிறந்தேன், ஆனால்...'. கறுப்பு வெள்ளை, ஊமைப்படம். தூங்கிடுவேன்னுதான் நினைச்சேன்.

அண்ணன், தம்பி ரெண்டு பேர். தங்கள் அப்பாதான் பெரிய ஆள் என்று நினைப்பு. முதலாளி வீட்டில் போட்டுக் காட்டிய படத்தில், முதலாளியைச் சிரிக்க வைக்க அப்பா கோமாளித்தனம் பண்ணுவதைப் பார்க்கிறார்கள். ஏன் அவருக்குக் குனியணும் என்று சண்டை போட்டுச் சாப்பிட மறுக்கிறார்கள். மறுநாள் அப்பாவோடு உட்கார்ந்து சோற்று உருண்டை தின்பது தனி அழகு.

எங்கப்பாவும் கூலி கேட்கப் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்குவார். எனக்குக் கோபம் அப்பாமேலதான் வரும். அன்னிக்கு ராத்திரி அவருக்கு நானே சோறு போட்டேன்.

நம்ம பள்ளி டிவியில் இதைப் போடலாம் டீச்சர். இடையில் வரும் இங்கிலீஷ் வரிகளை நான் தமிழில் சொல்லுறேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி