மெருகு எதையும் மறைப்பதில்லை

மோதிரக் கல்லைக் கையில் எடுத்ததும் நம் கண்ணில் படுவது அதன் பளபளப்பே. அப்பளபளப்பு எத்தனை படிகளைக் கடந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இலங்கையின் பேருவளையில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக இரத்தின வணிகம் செய்து வருவதை வாசகர்கள் அறிவீர்கள். அந்நாட்டின் நட்சத்திர நீலக்கல்லுக்குப் பட்டை தீட்டுவதில்லை. மேற்புறத்தைக் குவிமாடம் போல் திரட்டி வழவழப்பாக மெருகிடுவர். இவ்வடிவத்திற்குக் கபோஷான் என்று பெயர். கல்லினுள் இருக்கும் நுண்ணிய ஊசிகளில் ஒளி பட்டுத் திரும்பி, ஆறு கதிர் விண்மீனாக மேலே தோன்றும். நியூயார்க் அருங்காட்சியகத்திலுள்ள 563 காரட் 'இந்திய நட்சத்திரம்' இவ்வகையினதே. பெயரில் இந்தியா இருப்பினும் அது பிறந்த மண் இலங்கை.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் நீலக்கல்லின் இடம் 9. வைரத்தின் இடம் 10. ஆதலால் நீலக்கல்லை மெருகிட வைரத்தூள் கலந்த பசை சிறந்தது. 1954இல் அமெரிக்காவில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்ட பிறகு, இத்தூள் காலப்போக்கில் சிறு பட்டறைகளுக்கும் எட்டும் பொருளாயிற்று.

பசை பல தரங்களில் வரும். 15 மைக்ரான் பருக்கையில் தொடங்கி 6, 3, 1 என்று இறங்குவது ஒரு முறை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முந்தைய தரம் விட்ட கீறல்களை அழிப்பதே ஒவ்வொரு தரத்தின் வேலை. அவசரப்பட்டு நடுப்படியைத் தாண்டினால், கடைசிப் பசையை நெடுநேரம் தேய்த்தும் ஆழ்ந்த கீறல் போகாது. சுற்றிலும் பளபளப்பு ஏற ஏற, கீறல்தான் எடுப்பாகத் தெரியும்.

ஒவ்வொரு தரத்திற்கும் தனித்தனித் தட்டு வேண்டும். தரம் மாறும்போது கல்லையும், அதை அரக்கினால் ஒட்டிய கோலையும், கைகளையும் கழுவவேண்டும். நகக்கண்ணில் ஒட்டிய ஒரே ஒரு பெரும்பருக்கை ஒரு நாள் உழைப்பை வீணாக்கிவிடும்.

கல் வாங்குவோரும் ஒன்றைக் கருத்தில் கொள்ளுங்கள். நீரோ எண்ணெயோ கீறலை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும். ஆகவே கல்லைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின், ஒரே விளக்கின் கீழ்ப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கொண்டு திருப்பித் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தையும் நோக்குங்கள், எடை குறையாதிருக்க அதைப் பருமனாக விட்டுவைப்பதுண்டு. விலையோ காரட் கணக்கில்.

பிள்ளைகளை இத்தொழிலுக்கு அனுப்பும் பெற்றோர், 'விரைவாகச் செய்' என்று சொல்வதற்கு முன், 'உலர்த்திப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போ' என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு கீறலை எண்ணெயால் மறைத்து விற்றால், கல் உலரும் நாளில் போவது அந்த ஒரு கல்லின் விலை மட்டுமன்று; பாட்டனார் காலந்தொட்டுச் சேர்த்த நம்பிக்கையும் அதனோடு போய்விடும்.