பிச்சாவரம் வாய்க்கால்கள் சொல்லும் பாடம்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் காட்டைப் படகில் சுற்றிப் பார்ப்போர் பலர். அங்கே மீன்முள் வடிவில் வெட்டப்பட்டுள்ள வாய்க்கால்களைக் கவனிப்போர் சிலரே. உவர் நிலத்தோடு மல்லாடும் விவசாயிகள் அவசியம் பார்க்க வேண்டியவை அவை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காட்டில், ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970களின் நடுப்பகுதி வரை, பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டும் முறை இருந்து வந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து, ஈரம் வற்றி, தரை அமிழ்ந்து தாம்பாளம் போல் பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மிஞ்சியது. கண்டல் விதை விழுந்தாலும் பயிர் நிற்கவில்லை. பழியோ ஊராரின் விறகு வெட்டின் மீதும் மாட்டு மேய்ச்சலின் மீதும் விழுந்தது!

1993 முதல் இங்கு ஆராய்ந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தைக் கண்டனர். ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்கள் என வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தனர். உப்பு குறைந்தது. கரையில் நட்ட வெண்கண்டல் வேர் பிடித்தது.

வடிகால் இல்லாத வயல் உவராகும் என்பது விவசாயி அறியாததல்ல. ஆனால் தான் கையாண்ட முறையே தவறு என்பதை ஓர் அரசு இலாகா ஒப்புக்கொள்வது எளிதன்று. முதலில் சிறு பரப்பில் செய்து காட்டியதால்தான் வனத்துறை நம்பியது. பின்னர் துறையும் நிறுவனமும் ஊர் மன்றங்களும் கூட்டாக வேலையைப் பெருக்கின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் வேகத்தைக் காடு தணித்ததைக் கண்ட ஊர்களுக்கு அதன் அருமையை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் கஷ்டமான பகுதி. வாய்க்கால் என்றால் தூர் சேரும். வெட்டுவதற்குத் திட்டப் பணம் வரும், புகைப்படமும் எடுப்பார்கள். திட்டம் முடிந்தபின் தூர் வார யார் பணம் தருவது? வாராமல் விட்டால் நீர் மீண்டும் தேங்கும், பழைய உவரே திரும்பும். ஆகவே தூர் வாரும் செலவுக்கு வனத்துறையின் ஆண்டுக் கணக்கில் நிரந்தரமாக இடம் ஒதுக்க வேண்டும். வேலையையும் வெளிக் குத்தகைதாரரிடம் விடாமல், ஓதத்தின் போக்கறிந்த ஊர் மன்றத்திடமே ஒப்படைப்பது நியாயம்.

வயல் வடிகாலுக்கும் இதே விதிதான். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பாசன சங்கங்கள், தண்ணீர் விடும் மதகைப் பற்றிப் பேசும் அளவுக்கு வடிகாலைப் பற்றிப் பேசுவதில்லை. கொள்ளிடக் கடைமடைப் பகுதியில் ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசிக்குள்ளாகவே வடிகால் தூர் வாரி முடித்தாக வேண்டும். அதற்கான பணமும் ஆளும் ஆடி மாதக் கூட்டத்திலேயே முடிவாகட்டும்.